பில் ஃப்ரீஹனுக்கு விழுந்த இரண்டு வாக்குகள்

1982-இல் அமெரிக்கப் பேஸ்பால் எழுத்தாளர்கள் 415 பேர் ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்குச் சீட்டை நிரப்பினார்கள். ஹேங்க் ஆரனுக்கு 406 வாக்குகள் விழுந்தன. ஃபிராங்க் ராபின்சனும் எளிதாகத் தேர்வானார். அதே சீட்டில் பில் ஃப்ரீஹன் என்ற கேட்சரின் பெயரும் இருந்தது. டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காக மட்டுமே ஆடியவர், அந்தந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணிக்கு 11 ஆண்டுகள் தேர்வானவர், 1968-இல் கோப்பை வென்றவர். அவருக்கு விழுந்தவை இரண்டே வாக்குகள்.

அந்த இரண்டு ஏன் இருநூறாகவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பேஸ்பால் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்சர் என்பவர் யார், ஹால் ஆஃப் ஃபேம் எப்படி ஆள் எடுக்கிறது என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃப்ரீஹன் அங்கே இருக்க வேண்டியவர்.

பேட்டருக்குப் பின்னால் குந்தியிருப்பவர்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கேட்சர் என்றதும் விக்கெட் கீப்பர் நினைவுக்கு வருவார். பாதி சரி. கீப்பர் வேகப்பந்துக்கு இருபது அடி தள்ளி நிற்கலாம். கேட்சருக்கு அந்த வசதி கிடையாது. பேட்டரின் முதுகுக்குப் பின்னால், மட்டை சுழன்றால் கையுறையில் பட்டுவிடும் தூரத்தில், முழங்காலை மடக்கிக் குந்தியிருப்பார். பிட்சர் 60 அடி 6 அங்குலம் தள்ளி நின்று, மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிவார். பந்து மட்டையில் லேசாக உரசித் திசை மாறினால் விரலிலோ தோள்பட்டையிலோ முகமூடியிலோ வந்து மோதும். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகள். ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். கோடைக்காலம் முழுக்க, பெரும்பாலும் தினமும்.

முகத்துக்குக் கம்பிக் கூண்டு, மார்புக்குத் தடுப்பு, முழங்காலிலிருந்து பாதம் வரை கவசம். வெயிலில் இவ்வளவையும் சுமந்துகொண்டு எழுந்து, குந்தி, மறுபடி எழ வேண்டும். கேட்சர்கள் சீக்கிரம் தேய்ந்துபோவதற்கு இதுவே காரணம். முழங்கால் போகும், முதுகு போகும், விரல்கள் கோணலாகும். மற்ற இடங்களில் ஆடுகிறவர்கள் 2,500 ஆட்டங்கள் வரை போகும்போது, கேட்சராகவே 2,000 ஆட்டங்களைத் தொட்டவர்கள் மிகச் சிலர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, அவர் பந்தைப் பிடிப்பதோடு நிற்கிறாரா? உண்மையில் ஆட்டத்தை நடத்துகிறவரே அவர்தான். அடுத்த பந்து எப்படி வர வேண்டும், வேகமாகவா, வளைந்தா, உள்ளே வருமாறா, வெளியே போகுமாறா என்று விரல்களால் சைகை காட்டுவது அவர். எதிரணி பேட்டர்கள் ஒவ்வொருவருக்கும் எந்தப் பந்து பிடிக்காது என்பது அவர் தலைக்குள் இருக்க வேண்டும். பிட்சர் தடுமாறும்போது எழுந்து நடந்துபோய் நாலு வார்த்தை பேசி அமைதிப்படுத்துவதும் அவர். மைதானத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள் என்றால், எட்டு பேர் வெளியே நின்று உள்ளே பார்க்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் உள்ளேயிருந்து மொத்த மைதானத்தையும் பார்க்கிறார்.

அப்புறம், தரையில் பட்டு வரும் பந்தை உடம்பால் தடுக்க வேண்டும். ஓடுகிறவர்கள் தொட்டு நிற்கும் மூலைகளுக்குப் பேஸ் என்று பெயர். யாரும் பந்தை அடிக்காமலே, பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதுதான் திருட்டு. அப்படி இரண்டாவது பேஸைத் திருட ஓடுகிறவனை, 127 அடி எறிந்து, சுமார் இரண்டு நொடிக்குள் பிடிக்க வேண்டும். மூன்றாவது பேஸிலிருந்து ரன் எடுக்க ஒருவர் பாய்ந்து வந்தால், பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டைக் காக்க வேண்டும். விளிம்பில் வரும் பந்தை அசையாமல் வாங்கி, அம்பயர் ‘ஸ்ட்ரைக்’ என்று சொல்லும்படி செய்ய வேண்டும் (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட்). இதில் கைதேர்ந்த கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் தன் அணிக்குப் பல ஆட்டங்களை மிச்சப்படுத்துகிறார் என்பது, பந்தின் பாதையை அளக்கும் கேமராக்கள் எல்லா மைதானங்களிலும் வந்த பிறகுதான் தெளிவாயிற்று.

இதில் எவ்வளவு ஸ்கோர் அட்டையில் ஏறுகிறது? ஏறத்தாழ ஒன்றுமில்லை. கேட்சர் கேட்ட பந்தில் பேட்டர் அவுட்டானால் பெருமை பிட்சர் கணக்கில் சேரும். கேட்சர் கணக்கில் மிஞ்சுவது அவர் பேட்டிங் எண்கள், சில பிழைகள், ஓட்டத்தில் எத்தனை பேரைப் பிடித்தார், எத்தனை பேரை விட்டார் என்பது, அவ்வளவே. என்னைப் பொறுத்தவரை மொத்தச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

வாசல் எப்படித் திறக்கிறது

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம். முதல் தேர்வு 1936-இல் நடந்தது. டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன் என ஐந்து பேர். கட்டடம் 1939-இல் திறக்கப்பட்டது. தேர்வானவர்களின் முகம் பொறித்த வெண்கலப் பலகைகள் அங்கே சுவரில் இருக்கின்றன.

குறைந்தது பத்து சீசன் ஆடி, ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால் ஒருவர் பெயர் எழுத்தாளர்கள் சங்கத்தின் வாக்குச் சீட்டில் ஏறலாம். பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்த எழுத்தாளர்கள் வாக்களிப்பார்கள். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே. அதற்குக் கீழே வாங்கினால் அடுத்த ஆண்டு மறுபடி பெயர் வரும். முன்பு 15 ஆண்டுகள் வரை காத்திருக்கலாம், 2014-இல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். ஆனால் 5 சதவீதத்துக்கும் கீழே போனால் அந்தச் சீட்டில் மறுபடி இடமில்லை. ஃப்ரீஹன் வாங்கியது அரை சதவீதம். ஒரே தடவையோடு அந்தக் கதவு மூடியது.

இன்னொரு வாசல் உண்டு. எழுத்தாளர்கள் தவறவிட்டவர்களைப் பரிசீலிக்க, காலகட்டம் வாரியாகச் சிறு குழுக்கள் கூடும். ஹால் ஆஃப் ஃபேமில் ஏற்கெனவே இருப்பவர்கள், அணி நிர்வாகிகள், மூத்த எழுத்தாளர்கள் எனப் பதினாறு பேர். அதில் பன்னிரண்டு பேர் கைதூக்கினால் போதும். பழைய ஆட்டக்காரர்களுக்கு இப்போது மிச்சமிருப்பது இந்த வழிதான்.

கேட்சர்களுக்கு முன்வாசல் எவ்வளவு குறுகல் என்பதற்கு ஒரு உதாரணம். யோகி பெர்ரா மூன்று முறை லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஆட்டக்காரராக மட்டும், சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் தொடரில் பத்துக் கோப்பைகள். அவருக்கே முதல் ஆண்டான 1971-இல் கதவு திறக்கவில்லை, 1972-இல்தான் தேர்வானார். கேரி கார்ட்டர் ஆறாவது முயற்சியில் போனார். எழுத்தாளர்கள் முதல் ஆண்டிலேயே தேர்ந்தெடுத்த கேட்சர்கள் மொத்த வரலாற்றிலும் மூன்றே பேர்: 1989-இல் ஜானி பென்ச், 2017-இல் ஐவன் ரோட்ரிகஸ், 2024-இல் ஜோ மாவர். இன்று அங்கே முந்நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பலகைகள் இருக்கின்றன. கேட்சர்கள் சுமார் இருபது பேர்தான்.

டெட்ராய்ட்காரர்

ஃப்ரீஹன் பிறந்தது 1941-இல், டெட்ராய்ட்டில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார். 1961-இல் பல்கலைக்கழக லீக் ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் சராசரி .585. பேஸ்பாலில் சராசரி என்றால் கிரிக்கெட் போல ரன் கணக்கு இல்லை. ஆயிரம் தடவை ஆடவந்தால் எத்தனை தடவை பந்தை அடித்துப் பேஸை அடைகிறார் என்ற கணக்கு. .300 இருந்தாலே நல்ல பேட்டர். .585 என்பது கல்லூரி மட்டத்திலும் நம்ப முடியாத எண்.

அதே ஆண்டு சொந்த ஊர் அணியான டைகர்ஸ் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. பட்டம் வாங்கினால்தான் அந்தப் பணம் கைக்கு வரும் என்று அவருடைய அப்பா நிபந்தனை போட்டார். சீசன் இல்லாத மாதங்களில் படித்து 1966-இல் பட்டத்தை முடித்தார், அப்போது அவர் ஆல் ஸ்டார். அந்தத் தகப்பன் நம்மூர்க்காரராக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

1964 முதல் 1973 வரை ஒவ்வொரு ஆண்டும் ஆல் ஸ்டார். அப்புறம் 1975-இல் ஒருமுறை. ஆக 11. கூப்பர்ஸ்டவுனுக்கு வெளியே நிற்கும் கேட்சர்களில் இதைவிட அதிக ஆண்டுகள் தேர்வானவர் கிடையாது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1958 முதல் 1969 வரை ஆல் ஸ்டார் அணியை ரசிகர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வீரர்களும் மேலாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்தார்கள். அதாவது ஃப்ரீஹனை முதல் ஆறு ஆண்டுகள் தேர்ந்தெடுத்தவர்கள், அவருக்கு எதிரே நின்று ஆடியவர்களும் எதிரணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும்தான். 1967 ஆல் ஸ்டார் ஆட்டம் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 15 இன்னிங்ஸ் இழுத்தது. அந்த 15 இன்னிங்ஸும், இரண்டு லீகுகளில் டைகர்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகுக்காகக் குந்தியிருந்தவர் அவர் ஒருவரே. கண்காட்சி ஆட்டத்தில் பொதுவாக எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்க ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அன்று அவரை மாற்றவே இல்லை.

தற்காப்பு ஆட்டத்துக்கான கோல்ட் குளோவ் விருது 1965 முதல் 1969 வரை தொடர்ந்து ஐந்து முறை. அந்த ஆண்டுகளில் விருதுக்கு வாக்களித்தவர்கள் மேலாளர்களும் பயிற்சியாளர்களும்.

எழுத்தாளர்களும் அப்போது கண்மூடியிருக்கவில்லை. லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் யார் என்று வாக்களிப்பவர்கள் அவர்கள்தான். 1967-இல் ஃப்ரீஹனை மூன்றாவது இடத்தில் வைத்தார்கள். 1968-இல் இரண்டாவது இடம். முதலிடம் டென்னி மெக்லெய்ன், அந்த ஆண்டு 31 வெற்றிகள் பெற்ற பிட்சர். அவருக்குப் பிறகு இன்றுவரை யாரும் 30-ஐத் தொடவில்லை. மெக்லெய்ன் எந்த அணி பிட்சர்? டைகர்ஸ். அவருக்குச் சைகை காட்டியவர் யார்? ஃப்ரீஹன். முதலிடமும் இரண்டாமிடமும் ஒரே அணியின் பிட்சருக்கும் கேட்சருக்கும் போனது என்றால், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

1968 அக்டோபர். வேர்ல்ட் சீரிஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 3-1 என்று முன்னிலை. இன்னொரு ஆட்டம் தோற்றால் டெட்ராய்ட் வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தாவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸ் 3-2 முன்னிலை. இரண்டாவது பேஸில் லூ பிராக், அன்றைய பேஸ்பாலின் மிக வேகமான கால்களில் ஒரு ஜோடி. ஜூலியன் ஹாவியர் இடப்பக்கம் ஒரு சிங்கிள் அடித்தார். பிராக் மூன்றாவது பேஸைச் சுற்றி ஹோம் பிளேட்டை நோக்கி வந்தார். இடப்பக்கத்திலிருந்து வில்லி ஹார்ட்டன் எறிந்த பந்து நேராக வந்தது. பிராக் சறுக்கவில்லை, நின்ற நிலையிலேயே ஓடி வந்தார். ஃப்ரீஹன் இடது காலைப் பிளேட்டுக்கு முன்னால் ஊன்றி, பந்தை வாங்கி, மோதலையும் வாங்கினார். அம்பயர் டக் ஹார்வி கையை உயர்த்தினார். அவுட்.

4-2 ஆகியிருக்க வேண்டியது அப்படியே நின்றது. டைகர்ஸ் அந்த ஆட்டத்தை 5-3 என்று வென்றது, ஆறாவதையும் வென்றது. ஏழாவது ஆட்டத்தில் எதிரே பாப் கிப்சன், அந்த சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் விட்டவர். அவரையும் 4-1 என்று வீழ்த்தினார்கள். கடைசிப் பந்தை டிம் மெக்கார்வர் மேலே தூக்கி அடித்தார். முகமூடியை வீசிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி ஓடி அந்தப் பந்தைப் பிடித்தவர் ஃப்ரீஹன். பிட்சர் மிக்கி லோலிச் அவர் மேல் தாவி ஏறும் படம் டெட்ராய்ட்டில் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். முந்தைய ஆண்டு ஜூலையில் பெரும் கலவரத்தில் எரிந்த நகரம் அது. அந்தக் கோப்பை அவர்களுக்கு எப்படியிருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பிளேட்டில் காலை ஊன்றி மறிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-இல் வந்த விதியின்படி, பந்து கையில் இல்லாமல் கேட்சர் ஓடுபவரின் வழியை மறிக்கக் கூடாது. ஃப்ரீஹன் காலத்தில் மறிப்பது கேட்சரின் வேலை, மோதிக் கீழே தள்ளுவது ஓடுபவரின் உரிமை. அந்தக் காலத்தில்தான் 14 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே குந்தியிருந்தார். பேட்டிங்கிலும் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டவர் இல்லை. 1967-இல் 20 தடவையும் 1968-இல் 24 தடவையும் பந்து அவர் உடம்பில் பட்டது, இரண்டு ஆண்டுகளும் லீகில் அதிகம். 1970-இல் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. எலும்புகளை இணைத்துத் தைக்கும் பெரிய சிகிச்சை. மறு ஆண்டே திரும்பி வந்து 21 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்து ஆல் ஸ்டார் ஆனார்.

.262 என்ற எண்

பிறகு ஏன் இரண்டு வாக்கு?

1982-இல் ஒரு எழுத்தாளர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீஹன் பெயருக்கு எதிரே: சராசரி .262, ஹோம் ரன் 200, அடித்து வரவைத்த ரன்கள் 758, ஹிட்டுகள் (பந்தை அடித்துப் பேஸை அடைந்த தடவைகள்) 1,591. பக்கத்தில் ஆரனின் 755 ஹோம் ரன், 3,771 ஹிட்டுகள். கண் எங்கே போகும்?

ஆனால் .262-ஐ அது பிறந்த காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960-களின் நடுவிலிருந்து பிட்சர்கள் பேட்டர்களை அடக்கி ஒடுக்கிய காலம். 1968-இல் அது உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக் முழுவதன் சராசரி .230. லீகிலேயே அதிகச் சராசரி வைத்திருந்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் எண் .301. பேட்டிங்கில் முதலிடம் பிடித்தவர்களில் இதைவிடக் குறைந்த எண் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நிலைமை கைமீறிப் போனதென்று 1969-இல் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். விதியையே மாற்ற வைத்த அந்த 1968-இல் ஃப்ரீஹன் 155 ஆட்டங்கள் ஆடி, .263 சராசரியும் 25 ஹோம் ரன்களும் எடுத்தார். அதுவும் குந்தி எழுந்த கால்களோடு. பஞ்ச காலத்து விளைச்சலை நல்ல மழைக் காலத்து மூட்டைக் கணக்கோடு ஒப்பிட்டால் எந்த விவசாயியும் தோற்றவனாகத்தான் தெரிவான்.

மைதானம், காலம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அன்றைய சராசரி பேட்டர் 100 என்று வைத்துப் பார்க்கும் ஒரு அளவு இருக்கிறது. அதில் ஃப்ரீஹனின் வாழ்நாள் எண் 112. அதாவது கேட்சராக இருந்தும், எல்லா இடத்துப் பேட்டர்களையும் சேர்த்த சராசரியைவிட 12 சதவீதம் மேல். 1967-இலும் 1968-இலும் 140-ஐத் தாண்டினார்.

தற்காப்பில், அவரை நோக்கி வந்த வாய்ப்புகள் 10,714. பிழைகள் 72 மட்டுமே. ஓய்வுபெற்ற 1976-இல், கேட்சர்களில் அதிக வாய்ப்புகளைக் கையாண்டவர் அவர்தான். இந்த எண்ணைச் சிலர் அவருக்காகத் தூக்கிப் பிடிப்பார்கள், நான் அவ்வளவு தூக்க மாட்டேன். பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் ஆனால் அந்த அவுட் கேட்சர் கணக்கிலும் ஏறும். பிட்சர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஆடியவருக்கு அந்த எண் தானாகவே பெருகும். பிழை விகிதம் நம்பகமானது, மொத்த எண் அவ்வளவு இல்லை.

எல்லாத் திறமையையும் ஒரே எண்ணில் சேர்க்கும் ‘வார்’ என்ற கணக்கு ஒன்றும் உண்டு. சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரைவிட இவர் தன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்பது அதன் பொருள். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கின்படி ஃப்ரீஹனுக்கு 44.8. ஹால் ஆஃப் ஃபேம் கேட்சர்களின் சராசரி சுமார் 53. குறைவுதான். ஆனால் இந்தக் கணக்கு பழைய கேட்சர்களுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்: பேட்டிங், பிழைகள், தவறவிட்ட பந்துகள், பேஸ் திருடியவர்கள். எந்தப் பந்தைக் கேட்டார், விளிம்புப் பந்தை எப்படி வாங்கினார், தடுமாறிய பிட்சரை எப்படி நிமிர்த்தினார் என்பவை அதில் இல்லை. 1965-இல் அதை அளக்கக் கருவி கிடையாது. அளக்க முடியாததைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டுதான் 44.8 வருகிறது.

அப்படியானால் அந்தப் பகுதிக்கு நமக்கு என்ன சாட்சி? அதைப் பார்த்தவர்கள்தான். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோல்ட் குளோவ் கொடுத்த மேலாளர்கள், ஆல் ஸ்டாருக்குத் தேர்ந்தெடுத்த எதிரணிக்காரர்கள், 67-இலும் 68-இலும் வாக்களித்த எழுத்தாளர்கள். கண்ணெதிரே ஆடியபோது எல்லோருக்கும் தெரிந்தார். ஆட்டம் முடிந்து எண்கள் மட்டும் மிஞ்சியபோது யாருக்கும் தெரியாமல் போனார். எனக்குப் பெரிய குறை இதுதான். கேட்சரை அளக்க நேரில் பார்த்தவர்களின் வாக்கைவிட நல்ல கருவி அன்று இல்லை. அந்த வாக்கு தெளிவாக ஒரு பக்கம் விழுந்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு .262-ஐ மட்டும் படித்தார்கள்.

கிரிக்கெட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆடம் கில்கிறிஸ்டுக்குப் பிறகு கீப்பர் என்றாலே முதலில் எத்தனை ரன் எடுப்பார் என்று கேட்கப் பழகிவிட்டோம்.

எதிர்வாதங்கள்

நியாயமான எதிர்வாதங்கள் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. 1968 வேர்ல்ட் சீரிஸில் ஃப்ரீஹன் 24 தடவை ஆடவந்து இரண்டே ஹிட்டுகள் எடுத்தார். அதில் ஒன்று ஏழாவது ஆட்டத்தில் ஒரு ரன்னைக் கொண்டுவந்தது உண்மைதான், ஆனாலும் இரண்டு இரண்டுதான். அதே தொடரில் லூ பிராக் ஏழு பேஸ்களைத் திருடினார், திருட விட்டவர் ஃப்ரீஹன்தான். அவருடைய உச்சமான ஆண்டுகளும் மூன்று நான்குக்கு மேல் இல்லை. மற்ற ஆண்டுகளில் பேட்டிங் சுமார்தான்.

அவர் ஒருவர்தான் வெளியே நிற்கிறாரா என்றால் அதுவும் இல்லை. நியூயார்க் யாங்கீஸின் கேப்டன் தர்மன் மன்சன் 1976-இல் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், இரண்டு கோப்பைகள் வென்றவர். 1979 ஆகஸ்டில் விமான விபத்தில் 32 வயதில் இறந்துபோனார். அவருக்கும் கதவு திறக்கவில்லை. ‘வார்’ கணக்கில் அவர் ஃப்ரீஹனைவிடச் சற்று மேல். முதலில் மன்சன், பிறகு ஃப்ரீஹன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் உள்ளே இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். ரே ஷால்க்: வாழ்நாளில் 11 ஹோம் ரன், சராசரி .253. தற்காப்புக்காகவும் பிட்சர்களை நடத்திய விதத்துக்காகவும் 1955-இல் குழு தேர்ந்தெடுத்தது. ரிக் ஃபெரல்: 28 ஹோம் ரன். 1984-இல் குழு வழியாகப் போனார். இருவரும் நல்ல கேட்சர்கள், அவர்கள் பலகைகளைக் கழற்றச் சொல்லவில்லை. கேட்சரின் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஷால்க் விஷயத்தில் மதிப்புக் கொடுக்க முடிந்தது என்றால், ஃப்ரீஹன் விஷயத்திலும் கொடுக்கலாம். ஃப்ரீஹன் அதோடு 200 ஹோம் ரன்னும் கொண்டுவருகிறார்.

இன்னொன்று. 1960-கள் என்ற பத்தாண்டுக்கு உரிய கேட்சர் என்று சுட்டிக்காட்ட கூப்பர்ஸ்டவுனில் ஆள் இல்லை. பெர்ராவின் நல்ல காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பென்ச், கார்ல்டன் ஃபிஸ்க், டெட் சிம்மன்ஸ் எல்லாம் எழுபதுகளுக்கு உரியவர்கள். ஜோ டோரி இருக்கிறார், ஆனால் 2014-இல் மேலாளராகத்தான் உள்ளே போனார். நடுவில் காலியாக இருக்கும் அந்த இடத்தில் அமெரிக்கன் லீகின் முதல்நிலைக் கேட்சராக ஆண்டுதோறும் தேர்வானவர் ஃப்ரீஹன்.

டெட் சிம்மன்ஸ் பெயரைச் சொன்னதால் அவர் கதையையும் சொல்ல வேண்டும். அவரும் டெட்ராய்ட் பக்கத்துக்காரர், அவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1994-இல் எழுத்தாளர்கள் அவருக்கு 4 சதவீதம்கூடக் கொடுக்கவில்லை, ஃப்ரீஹனைப் போலவே ஒரே ஆண்டில் வெளியே. அதற்குப் பிறகு புதிய கணக்குகள் வந்தன, கேட்சரின் பேட்டிங்கைக் கேட்சர்களோடு ஒப்பிட வேண்டும் என்ற புரிதல் வந்தது. 2019 டிசம்பரில் 16 பேர் குழுவில் 13 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். பெருந்தொற்றால் விழா தள்ளிப்போய் 2021 செப்டம்பர் 8-இல் நடந்தது.

ஃப்ரீஹன் அதற்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 19-இல், 79 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் மறதி நோய் அவரை முழுவதுமாகப் பிடித்திருந்தது.

அவர் டைகர்ஸில் அணிந்திருந்த சட்டை எண் 11. அந்த எண்ணை அந்த அணியில் இனி யாரும் அணிய முடியாது, 2011-இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மைதானத்தின் சுவரில் அந்த எண்ணோடு ஒரு பெயரும் இருக்கிறது. அது பின்னாளில் அதே எண்ணை அணிந்த மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சனின் பெயர். ஆண்டர்சன் அதற்குத் தகுதியானவர்தான். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்கும்போது 1968-இன் கேட்சரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1980-க்கு முந்தைய ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும் குழு அடுத்ததாக 2027 டிசம்பரில் கூட வேண்டும். சீட்டில் எட்டுப் பெயர்கள்தான் இருக்கும். பதினாறு பேரில் ஒருவர் அதிகபட்சம் மூன்று பேருக்கு வாக்களிக்கலாம். முதலில் அந்த எட்டில் ஒன்றாக அவர் பெயர் வர வேண்டும். வந்தால், பன்னிரண்டு கைகள் போதும்.